சிறு சரக்கு வண்டி: வாங்குமுன் கணக்குப் பாருங்கள்

விளைவிப்பது பாதி வேலை. விளைந்ததை வாடாமல், நசுங்காமல், உரிய நேரத்தில் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது மறுபாதி வேலை. தக்காளி, கத்தரி, அவரை, முருங்கை, பூ, கீரை ஆகியவற்றைப் பயிரிடும் சிறு விவசாயிக்கு இந்த மறுபாதி வேலையில்தான் இலாபமும் நட்டமும் தீர்மானமாகின்றன. அதிகாலை ஏலத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்த சரக்கு, வந்த விலைக்குப் போகிறது. வாடகை வண்டிக்குச் சொல்லி வைத்துக் காத்திருந்து ஏமாந்த விவசாயிகள், சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் என்ன என்று எண்ணுவது இயற்கையே.

முன்பெல்லாம் இந்த எண்ணத்துக்கு இடமில்லை. மாட்டு வண்டியை விட்டால் லாரி. இடையில் அதிகம் கிடையாது. 2005ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் ‘ஏஸ்’ என்னும் சிறு வண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. முக்கால் டன் சுமக்கும் அந்த வண்டிக்கு நம் மக்கள் ‘குட்டி யானை’ என்று பெயர் சூட்டினர். 2011இல் ஒன்றேகால் டன் சுமக்கும் ‘தோஸ்த்’ வண்டியை அசோக் லேலண்டு நிறுவனம் ஓசூரில் தயாரித்து வெளியிட்டது. இன்று முக்கால் டன் முதல் ஒன்றரை டன்னுக்கு மேல் வரை சுமக்கும் பிக்கப் வண்டிகள் பல பெயர்களில் கிடைக்கின்றன. முன்பணம் கொடுத்தால் மீதிக்குக் கடன் கொடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆனால் வண்டி என்பது உழவு மாடு போன்றது அன்று. வேலை இல்லாத நாளில் மாடு தீவனம் தின்றாலும் சாணம் தரும். நிற்கும் வண்டியோ தவணையையும் இன்சூரன்சையும் தின்றுகொண்டே இருக்கும். ஆகவே வாங்குமுன் கணக்குப் பார்ப்பது மிக அவசியம்.

ஒரு மாதிரிக் கணக்கு

ஒட்டன்சத்திரம் பகுதியில் நான்கு ஏக்கர் கிணற்றுப் பாசனத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு விவசாயியை எடுத்துக் கொள்வோம். சந்தை 25 கிலோமீட்டர் தூரம். போய்வர 50 கிலோமீட்டர். ஆண்டுக்கு 120 நடை சரக்கு அனுப்புகிறார். நடைக்குச் சராசரி 500 கிலோ. வாடகை வண்டிக்கு நடைக்கு 1,200 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 1,44,000 ரூபாய் கொடுக்கிறார். அதாவது, கிலோவுக்கு 2 ரூபாய் 40 காசு.

“வாடகைக்குக் கொடுக்கிற பணத்தைத் தவணையாகக் கட்டினால் வண்டி நமக்குச் சொந்தமாகிவிடுமே அப்பா, நானே ஓட்டுகிறேன்” என்று வீட்டில் மகன் கேட்பான். கேள்வி நியாயமானதுதான். விடையைக் காகிதத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

வண்டியின் விலை, பதிவு, கூண்டு எல்லாம் சேர்த்து 6,00,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். எட்டு ஆண்டு ஓட்டிய பின் 1,60,000 ரூபாய்க்கு விற்கலாம் என்று கொண்டால், தேய்மானம் ஆண்டுக்கு 55,000 ரூபாய். போட்ட முதலுக்கு வட்டி, சராசரி முதலான 3,80,000 ரூபாய்க்கு 11 சதவிகிதம் என்றால், 41,800 ரூபாய். இன்சூரன்சு, வரி, தகுதிச் சான்று முதலியவற்றுக்கு 30,000 ரூபாய். ஆக, வண்டி ஓடினாலும் நின்றாலும் ஆண்டுக்கு ஆகும் நிலையான செலவு 1,26,800 ரூபாய்.

அடுத்து, ஓடினால் ஆகும் செலவு. டீசல் லிட்டர் 92 ரூபாய், வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுகிறது என்று கொண்டால், கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 13 காசு. டயர் தேய்மானம் 45 காசு. ஆயில், சர்வீஸ், பழுதுபார்ப்பு 1 ரூபாய் 40 காசு. மொத்தம் ஏறத்தாழ 8 ரூபாய். 50 கிலோமீட்டர் நடைக்கு 400 ரூபாய். 120 நடைக்கு 48,000 ரூபாய்.

நிலையான செலவையும் ஓட்டச் செலவையும் கூட்டினால் 1,74,800 ரூபாய் வருகிறது. வாடகையைவிட இது 30,800 ரூபாய் அதிகம். கிலோவுக்கு 2 ரூபாய் 91 காசு ஆகிறது. இத்தனைக்கும் மகனின் உழைப்புக்குக் கூலி போடவில்லை.

எத்தனை நடை ஓடினால் கட்டுப்படியாகும்? வாடகை 1,200 ரூபாயில் ஓட்டச் செலவு 400 ரூபாயைக் கழித்தால், நடைக்கு 800 ரூபாய் மிச்சம். 1,26,800 ரூபாயை 800ஆல் வகுத்தால் 159 நடை. ஆண்டுக்கு 159 நடைக்கு மேல் ஓடினால்தான், வீட்டு ஆளே ஓட்டும்போது, சொந்த வண்டி இலாபம். டிரைவருக்கு நடைக்கு 400 ரூபாய் கூலி கொடுப்பதானால் 317 நடை ஓட வேண்டும். அதாவது, ஏறக்குறைய நாள்தோறும் ஒரு நடை.

மேலே கண்ட தொகைகள் உதாரணத்துக்காகக் கொண்டவை. ஒவ்வொரு விவசாயியும் தம் ஊர் வாடகை, தம் சந்தையின் தூரம், தாம் விசாரித்த வண்டியின் விலை ஆகியவற்றைப் போட்டு இதே முறையில் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

கணக்கில் ஏறாத நன்மை

சொந்த வண்டியால் வாடகைச் செலவு மட்டுமின்றி வேறு பயனும் உண்டு. நினைத்த நேரத்தில் புறப்படலாம். ஒரு சந்தையில் விலை சரிந்தால் அடுத்த சந்தைக்குப் போகலாம். உழவர் சந்தைக்குக் கொண்டு சென்று நேரடியாக விற்கலாம். 1999ஆம் ஆண்டு நவம்பரில் மதுரை அண்ணா நகரில் தொடங்கிய உழவர் சந்தைகள் இடைத்தரகர் இன்றி விற்பதற்கென்றே ஏற்பட்டவை. அங்கே காலையில் முதலில் கடை விரிப்பவருக்கு அனுகூலம் அதிகம்.

இந்த நன்மையையும் காசாக்கிப் பார்க்கலாம். மாதிரி விவசாயி ஆண்டுக்கு 60,000 கிலோ சரக்கு அனுப்புகிறார். சொந்த வண்டியால் ஏற்படும் கூடுதல் செலவான 30,800 ரூபாயை அதன்மீது பரப்பினால் கிலோவுக்கு 51 காசு. நேரத்துக்குப் போய்ச் சேர்வதால் கிலோவுக்கு 51 காசுக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கும் என்றால் வண்டி வாங்கலாம். கிடைக்காது என்றால் வாடகையே மேல். இதை ஊகத்தால் முடிவு செய்யக் கூடாது. ஒரு பருவம் முழுவதும் தாமதமாகப் போன நாட்கள் எத்தனை, அந்நாட்களில் முதல் ஏலத்துக்கும் தமக்குக் கிடைத்த விலைக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு நோட்டில் குறித்து வந்தால் உண்மை தெரிந்துவிடும். கமிஷன் மண்டிச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தால் அதுவே போதும்.

திரும்பும்போது காலியாக வரும் வண்டிக்குச் சரக்குத் தேடுவதும் ஒரு வழி. அக்கம்பக்கத்தாருக்கு உரம், பிண்ணாக்கு, மாட்டுத் தீவனம் ஏற்றி வந்து நடைக்கு 300 ரூபாய் கிடைத்தாலும், 100 நடையில் 30,000 ரூபாய் சேர்கிறது. மாதிரிக் கணக்கில் துண்டு விழும் தொகை கிட்டத்தட்ட அடைபட்டுவிடும்.

தவணையும் கைப்பணமும்

இலாப நட்டக் கணக்கு வேறு. கைப்பணக் கணக்கு வேறு. எட்டு ஆண்டில் கட்டுப்படியாகும் வண்டிகூட முதல் ஐந்து ஆண்டில் குடும்பத்தை நெருக்கிவிடலாம்.

மாதிரி விவசாயி 1,00,000 ரூபாய் முன்பணம் கட்டி, 5,00,000 ரூபாயை 11 சதவிகிதக் குறையும் வட்டியில் 60 தவணைக்குக் கடன் வாங்கினால், மாதத் தவணை 10,871 ரூபாய். ஆண்டுக்கு 1,30,452 ரூபாய். இத்துடன் இன்சூரன்சு வகைக்கு 30,000 ரூபாயும் ஓட்டச் செலவு 48,000 ரூபாயும் சேர்ந்தால் 2,08,452 ரூபாய். வாடகையாகக் கொடுத்து வந்தது 1,44,000 ரூபாய். ஆக, ஆண்டுதோறும் 64,452 ரூபாய் வேறு வருமானத்திலிருந்து புரட்ட வேண்டும். தக்காளி விலை பறிகூலிக்கும் காணாத ஆண்டிலும் தவணை நிற்காது. மூன்று தவணை தவறினால் வண்டி போகும். வண்டியோடு முன்பணமும் போகும்.

வட்டி சொல்லும் முறையிலும் விழிப்பு வேண்டும். “வெறும் 8 சதவிகிதம்தான்” என்று சொல்லப்படும் வட்டி, முழுக் கடனுக்கும் கடைசி வரை போடும் மாறா வட்டியாக இருக்கலாம். 5,00,000 ரூபாய்க்கு 8 சதவிகித மாறா வட்டி ஐந்து ஆண்டுக்கு 2,00,000 ரூபாய். தவணை 11,667 ரூபாய். மேலே கண்ட 11 சதவிகிதக் குறையும் வட்டியிலோ மொத்த வட்டி ஏறத்தாழ 1,52,000 ரூபாய்தான். 8 என்று சொன்னது 11ஐவிட 48,000 ரூபாய் கூடுதலாகப் பிடுங்குகிறது. அது உண்மையில் ஏறத்தாழ 14 சதவிகிதக் குறையும் வட்டிக்குச் சமம். ஆகவே சதவிகிதத்தைக் கேட்பதைவிட, “மொத்தம் எத்தனை தவணை, தவணைக்கு எவ்வளவு, கடைசியில் எவ்வளவு கட்டியிருப்பேன்” என்று கேட்டு எழுதி வாங்கிக் கொள்வது நல்லது. வண்டிக் கடனுக்கு வண்டியே ஈடு. அதற்காகத் தோட்டத்துப் பத்திரத்தையும் கொடுப்பது கூடாது.

மைலேஜ்: எப்படிப் பார்ப்பது?

வண்டி வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, “லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?” என்பது. விளம்பரத்தில் காட்டும் கணக்கு குறிப்பிட்ட சோதனை நிலைமையில் எடுத்தது. சுமை, சாலை, ஓட்டும் கை ஆகியவற்றைப் பொறுத்து அது குறையும். ஆகவே அதே வண்டியை ஓராண்டுக்கு மேல் வைத்திருக்கும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைக் கேட்பதே சிறந்தது.

சொந்த வண்டியின் மைலேஜைச் சரியாக அறிய எளிய வழி உண்டு. டாங்கை நிறைய நிரப்பி, கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக் கொள்ள வேண்டும். வழக்கம்போல் ஓட்டிவிட்டு, அதே பங்கில் மறுபடியும் நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை பிடித்த லிட்டரால், ஓடிய கிலோமீட்டரை வகுத்தால் மைலேஜ் வரும். 412 கிலோமீட்டர் ஓடி 27.5 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். ஒரு தடவை பார்த்து முடிவுக்கு வராமல் மூன்று நான்கு தடவை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். மைலேஜ் திடீரென்று குறைந்தால் காற்று வடிகட்டி, டயர் காற்று, பிரேக் பிடிப்பு ஆகியவற்றில் கோளாறு என்று அறியலாம். நோயை நாடி காட்டுவதுபோல வண்டியின் நோயை மைலேஜ் காட்டும்.

ஆனால் விவசாயிக்கு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, குவிண்டால் சரக்குக்கு எவ்வளவு டீசல் என்பதே சரியான அளவுகோல். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் சிறிய வண்டி 50 கிலோமீட்டர் நடைக்கு 3.33 லிட்டர் குடிக்கும். 5 குவிண்டால் ஏற்றினால் குவிண்டாலுக்கு 667 மில்லி. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும் பெரிய வண்டி 4.17 லிட்டர் குடிக்கும். அதில் 12 குவிண்டால் ஏற்றினால் குவிண்டாலுக்கு 347 மில்லிதான். அதிலேயே 5 குவிண்டால் மட்டும் ஏற்றினால் 833 மில்லி ஆகிறது. நிறைந்தால் பெரிய வண்டி சிக்கனம். அரைகுறையாகப் போனால் சிறிய வண்டி சிக்கனம். தம் வழக்கமான சுமை எவ்வளவு என்று பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமேயன்றி, ஆண்டில் நான்கு நாள் வரும் பெரிய சுமையைப் பார்த்து வாங்கக் கூடாது. அந்த நான்கு நாளுக்கு வாடகை லாரி இருக்கிறது.

டிராக்டர் வைத்திருப்பவர்கள் டிரெய்லரைப் பூட்டிச் சந்தைக்குப் போவதும் உண்டு. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் 4 லிட்டர் டீசல் ஆகிறது என்று கொண்டால், 50 கிலோமீட்டருக்கு 10 லிட்டர். 30 குவிண்டால் இருந்தால் குவிண்டாலுக்கு 333 மில்லி, கட்டுப்படியாகும். 5 குவிண்டால் தக்காளிக்காக டிராக்டரைக் கிளப்பினால் குவிண்டாலுக்கு 2 லிட்டர். நேரமும் வீண், குலுக்கலில் பழமும் வீண். கரும்பு, தேங்காய், நெல், எரு போன்ற பெருஞ்சுமைக்கும் குறைந்த தூரத்துக்கும் டிராக்டர். காய்கறிக்கும் நெடுந்தூரத்துக்கும் பிக்கப் என்று பிரித்துக் கொள்வதே முறை.

டீசலை மிச்சப்படுத்த

வேகத்தைக் கட்டுப்படுத்துவது முதல் வழி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் இருக்கும் காற்றெதிர்ப்பைப்போல் 80 கிலோமீட்டரில் ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் இருக்கும். தார்ப்பாய் படபடவென்று அடித்தால் எதிர்ப்பு இன்னும் கூடும். பாயை இழுத்துக் கட்டினால் டீசலும் மிச்சம், சரக்கும் வாடாது.

டயரில் காற்றுக் குறைந்தால் உருளும் எதிர்ப்பு கூடும். டயர் சூடேறி ஓரம் தேயும். வாரம் ஒரு முறை, காலையில் வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளந்து பார்க்க வேண்டும். சுமை ஏற்றும்போது பின் டயருக்கு எவ்வளவு காற்று என்பது வண்டியுடன் வரும் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். புழுதிச் சாலையில் ஓடும் வண்டிக்குக் காற்று வடிகட்டியை அடிக்கடி பார்க்க வேண்டும். அடைத்துக் கொண்டால் கரும்புகை வரும், இழுவை குறையும். கிளட்ச் மீது காலை வைத்துக் கொண்டே ஓட்டுவதும், மண்டி வாசலில் வரிசையில் நிற்கும்போது இன்ஜினை ஓட விடுவதும் வீண் செலவு.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து விற்கப்படும் புது வண்டிகள் பி.எஸ்.6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு முறைப்படி அமைந்தவை. டீசல் வண்டிகளில் புகைக் குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். பிடித்த கரி எரிந்து போவதற்குப் புகை நன்கு சூடேற வேண்டும். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டிக் கொண்டிருந்தால் வடிகட்டி அடைத்துக் கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் கையேட்டில் சொன்னபடி சிறிது தூரம் சீரான வேகத்தில் ஓட்ட வேண்டும். அலட்சியம் செய்தால் செலவு பெருகும். மண்ணெண்ணெய் கலந்த டீசல் இவ்வண்டிகளுக்கு விஷம்.

சில வண்டிகளில் டீசல் தொட்டியுடன் யூரியா கரைசலுக்கென்று தனித் தொட்டியும் இருக்கும். அதில் ஊற்றுவது 32.5 சதவிகிதம் தூய யூரியா உள்ள தனித் தயாரிப்பு. வயலுக்கு இடும் யூரியாவை நீரில் கரைத்து அதில் ஊற்றவே கூடாது. உர யூரியாவில் வேப்பெண்ணெய்ப் பூச்சும் வேறு அசுத்தங்களும் உண்டு. அவை கருவியை அடைத்துக் கெடுத்துவிடும். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய்ப் பெரும் பழுதை வரவழைத்துக் கொள்ள நேரும்.

இழுவைத் திறன்

குதிரைத் திறன் அதிகமாக உள்ள வண்டி நன்றாக இழுக்கும் என்பது பொதுவான எண்ணம். சுமை ஏற்றிப் புறப்படவும் மேடேறவும் வேண்டியது முறுக்கு விசை. அது இன்ஜினின் குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கிறதா, முதல் கியர் போதுமான அளவு மெதுவானதா என்று பார்க்க வேண்டும். கையேட்டில் ‘ஏற்றம் ஏறும் திறன்’ என்று ஒரு சதவிகிதம் கொடுத்திருப்பார்கள். முழுச் சுமையுடன் எவ்வளவு செங்குத்தான மேட்டில் ஏறும் என்பதை அது காட்டும்.

இழுவைக்கு எவ்வளவு விசை தேவை என்பதைச் சுலபமாகக் கணக்கிடலாம். வண்டியும் சுமையும் சேர்ந்து 2,000 கிலோ என்று கொள்வோம். நல்ல தார்ச் சாலையில், சமதரையில், எடையில் ஏறத்தாழ ஒன்றரை சதவிகிதம், அதாவது 30 கிலோ விசை போதும். மண் பாதையில் 5 சதவிகிதம் என்றால் 100 கிலோ விசை. இளகிய மணலிலும் ஈர வயலிலும் 15 சதவிகிதத்துக்கு மேல் போகும். அதாவது 300 கிலோவுக்கு மேல். பத்தடிக்கு ஓரடி உயரும் மேட்டில் மேலும் 200 கிலோ சேரும். தார்ச் சாலையில் பறக்கும் வண்டி, தோட்டத்து வாய்க்கால் மேட்டில் திணறுவது ஏன் என்பது இப்போது விளங்கும். ஆகவே புது வண்டியைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தால் போதாது. சுமையேற்றித் தம் தோட்டத்துப் பாதையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும்.

மலைப் பகுதியில் டீசல் செலவும் இப்படியே ஏறும். 2,000 கிலோ எடையை 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற மட்டும், சமதரை ஓட்டத்துக்கு மேல், ஏறத்தாழ 2 லிட்டர் டீசல் கூடுதலாகச் செலவாகும். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதை போன்றவற்றில் சரக்கு ஏற்றி இறங்கும்போது, எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது நல்லது. நியூட்ரலில் விட்டு இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். டீசல் மிச்சம் என்று நினைத்து உயிரை விடக் கூடாது.

பிக்கப் வண்டிக்குப் பின்னால் டிரெய்லர் பூட்டலாமா என்று சிலர் கேட்கின்றனர். தயாரிப்பாளர் கையேட்டில் இழுவை எடை இவ்வளவு என்று குறித்து அனுமதித்திருந்தாலன்றிப் பூட்டக் கூடாது. சிறு வண்டிகளின் பிரேக்கும் கிளட்சும் தம் சுமைக்கு மட்டுமே அளவாகச் செய்யப்பட்டவை. பிரேக் இல்லாத டிரெய்லர் இறக்கத்தில் வண்டியைத் தள்ளிக் கவிழ்த்துவிடும். தண்ணீர்த் தொட்டி ஏற்றுவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. அரைத் தொட்டித் தண்ணீர் வளைவில் அலைபாய்ந்து வண்டியைச் சாய்க்கும். சிறு தொட்டியை நிறைய நிரப்பி ஏற்றுவதே பாதுகாப்பு.

ஈரத்தில் சக்கரம் புதைந்துவிட்டால் ஆக்சிலரேட்டரை அழுத்திச் சுழற்றுவதால் குழிதான் ஆழமாகும். சக்கரத்துக்கு முன்னால் மண்ணைச் சரித்து, தென்னை மட்டையோ பழைய சாக்கோ போட்டு, மெதுவாகக் கிளட்ச் விட்டு எடுக்க வேண்டும்.

எவ்வளவு ஏற்றலாம்?

விற்பவர் “முக்கால் டன்” என்று சொன்னால் முக்கால் டன் சரக்கு என்று பொருளில்லை. பதிவுச் சான்றில் மொத்த எடை, வெற்று எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். மொத்த எடை 1,600 கிலோ, வெற்று எடை 850 கிலோ என்றால் வித்தியாசம் 750 கிலோ. அதில் பின்னர் கட்டிய இரும்புக் கூண்டும் தார்ப்பாயும் 60 கிலோ. டிரைவரும் கூட வருபவரும் 130 கிலோ. சரக்குக்கு மிஞ்சுவது 560 கிலோ. பெட்டியுடன் 17 கிலோ எடையுள்ள தக்காளி என்றால் 32 பெட்டி. முழு 750 கிலோவையும் கணக்கில் கொண்டு 44 பெட்டி ஏற்றினால் அது அதிகச் சுமை. கூண்டு கட்டும்போது தேவைக்கு மேல் இரும்பைப் போட்டால் ஆயுள் முழுவதும் அந்த இரும்பையே சுமந்து திரிய வேண்டியிருக்கும்.

அதிகச் சுமையால் பட்டை ஒடியும், டயர் வெடிக்கும், பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஒரு முறை பிடிபட்டால் பல நடை இலாபம் போய்விடும். கனமான பெட்டிகளைப் பின் அச்சுக்கு முன்புறமாக அடுக்க வேண்டும். வால் பக்கம் கனத்தால் முன் சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் பிடிப்பு குறையும்.

சட்டமும் பாதுகாப்பும்

சரக்கு வண்டி போக்குவரத்து வாகனமாகப் பதிவாகிறது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. தகுதிச் சான்று, இன்சூரன்சு, புகைச் சான்று ஆகியவை காலாவதியாகாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக வாகன ஓட்டுநர் உரிமம் உள்ளவர் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. உரிமம் இல்லாத பையன் கையில் சாவியைக் கொடுத்தால் பொறுப்பு முழுவதும் உரிமையாளருடையது.

கூலி ஆட்களைப் பின்னால் ஏற்றிச் செல்லும் வழக்கம் கிராமங்களில் பரவலாக இருக்கிறது. இது பெரும் ஆபத்து. சரக்கின் உரிமையாளர் அல்லது அவருடைய பிரதிநிதி என்ற முறையில் சரக்குடன் வருபவருக்கு இன்சூரன்சுப் பாதுகாப்பு உண்டு. களை எடுக்கவும் நாற்று நடவும் ஏற்றிச் செல்லும் ஆட்களுக்கு அது கிடையாது. விபத்து நேர்ந்தால் இழப்பீடு வண்டி உரிமையாளர் தலையில் விழக்கூடும். அப்போது வண்டியோடு தோட்டமும் போகும். போன உயிர்களுக்கோ விலையே இல்லை.

கூட்டாக வாங்கலாம்

தனியொருவருக்குக் கட்டுப்படியாகாத வண்டி நால்வருக்குக் கட்டுப்படியாகும். ஒரே ஊரில் நான்கு விவசாயிகள், ஆளுக்கு 80 நடை வீதம் 320 நடை சேர்த்தால், மாதிரிக் கணக்கின்படி நிலையான செலவு நடைக்கு 396 ரூபாயாக இறங்குகிறது. ஓட்டச் செலவு 400 ரூபாயும் டிரைவர் கூலி 400 ரூபாயும் சேர்ந்து 1,196 ரூபாய். வாடகைக்குச் சமம், ஆனால் வண்டி கையில் இருக்கும். நால்வரில் ஒருவர் வீட்டுப் பிள்ளையே ஓட்டினால் அந்தக் கூலி ஊருக்குள்ளேயே நிற்கும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் சேர்ந்திருப்பவர்கள் நிறுவனத்தின் பெயரிலேயே வண்டி வாங்குவது பற்றி யோசிக்கலாம்.

கூட்டாக வாங்குவோர் யாருக்கு எந்த நாள், பழுதானால் செலவைப் பிரிப்பது எப்படி, ஒருவர் விலகினால் அவர் பங்குக்கு என்ன விலை என்பதை முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொள்ள வேண்டும். அண்ணன் தம்பியாக இருந்தாலும் எழுத்தில் இருப்பது நல்லது. ஒவ்வொரு நடைக்கும் தூரம், சுமை, டீசல் ஆகியவற்றை வண்டியிலேயே ஒரு நோட்டில் எழுதி வந்தால் சச்சரவுக்கு இடமிருக்காது.

சுருக்கமாகச் சொன்னால், வீட்டு ஆள் ஓட்டி ஆண்டுக்கு 160 நடைக்கு மேல் உறுதியாக ஓடும் என்றாலோ, நேரத்துக்குச் சென்று விற்பதால் வண்டிச் செலவுக்கு மேல் விலை கிடைக்கும் என்று சொந்த நோட்டுக் கணக்குக் காட்டினாலோ வண்டி வாங்கலாம். அதற்குக் குறைந்தால் கூட்டு வண்டி நல்லது. அதுவும் அமையாவிட்டால், நம்பகமான வாடகை வண்டிக்காரர் ஒருவருடன் பருவம் முழுவதற்கும் நாளும் நேரமும் பேசி முடித்துக் கொண்டு, முன்பணமாகக் கட்ட இருந்த 1,00,000 ரூபாயைச் சொட்டு நீர்ப் பாசனத்திலோ கறவை மாட்டிலோ முடக்குவது மேல். அடுத்த பருவத்து முதல் பறிப்பிலிருந்தே நோட்டைத் தொடங்கிவிடலாம். வாங்குவதா வேண்டாமா என்பதைப் பருவ முடிவில் அந்த நோட்டே சொல்லிவிடும்.